கட்டுமான இயந்திரமும் எச்சரிக்கை விளக்கும்

பிழைப்புத் தேடி வடக்கே வந்த நம்மவருள், மண்வாரி இயந்திரங்களின் இருக்கையில் அமர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றி வருவோர் சிலரல்லர். நெடுஞ்சாலைப் பணி, சுரங்கம், அணைக்கட்டு, ரயில்வே சைடிங் என்று எங்கே சென்றாலும், பொக்லைன் ஓட்டும் சேலத்துத் தம்பி ஒருவரையோ, பேலோடர் ஓட்டும் தருமபுரி அண்ணன் ஒருவரையோ காணலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடெங்கும் செல்வது ஊரறிந்த செய்தி. 1964-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் புல்டோசர்கள் உருவாகும் கோலார் தங்கவயலோ, தமிழர் பல தலைமுறையாகக் குடியேறி வாழும் ஊர். ஆதலின் இவ்வியந்திரங்களின் நலமும் நோயும் நம் இல்லங்களைத் தொடாமற் போவதில்லை.

நாம் மெக்கானிக் அல்லோம். சரக்குப் பிரிவில் கணக்கெழுதும் ஊழியர். எஞ்சினைப் பிரித்துப் பூட்ட நமக்குத் தெரியாது. ஆயினும் ஓர் இயந்திரம் நின்றால் என்ன ஆகும், பழி எவர் தலையில் விழும் என்பவற்றை நம் மேசையிலிருந்து நாள்தோறும் பார்த்து வருகிறோம். அனுபவம் மிக்க மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்தவற்றையும், கையேடுகளைப் புரட்டித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் கண்ணெதிரே நடந்த ஒன்று. சத்தீஸ்கரில் நிலக்கரி ஏற்றும் ஒரு சைடிங்; 58 வேகன்கள் கொண்ட ரேக் வந்து நின்றது. குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் வேகனுக்கு, மணிக்கு என்று கணக்கிட்டு டெமரேஜ் விழும் என்பதை அன்பர்கள் அறிவர். ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேலோடர்களில் ஒன்றில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆபரேட்டர் நம் பக்கத்து இளைஞர். உடனே எஞ்சினை நிறுத்தினார். மேற்பார்வையாளர் ஓடி வந்து, “விளக்குத்தானே எரிகிறது? எஞ்சின் ஓடத்தானே செய்கிறது? இன்னும் பத்தே வேகன்கள், ஓட்டு” என்று இந்தியில் அதட்டினார். தம்பி ஓட்டினார். மூன்றாவது வேகன் நிரம்புமுன் எஞ்சின் கடகடவென்று தட்டி நின்றுவிட்டது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் பிடித்துக்கொண்டனவாம். டெமரேஜும் விழுந்தது, எஞ்சின் செலவும் வந்தது. சம்பளப் பிடித்தம் யாருக்கு? ஓட்டியவருக்கே. “ஓட்டு” என்றவர் அவ்வாறு சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரியேனும் உண்டா? இல்லை.

இத்தகைய விளக்குகளில் நிறமே முதல் மொழி. சிவப்பு எரிந்தால் அப்போதே வேலையை விடவேண்டும். மஞ்சள் எரிந்தால் கை வேலையைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, காரணத்தைத் தேடவேண்டும். பச்சையும் நீலமும் பெரும்பாலும் செய்தி சொல்பவையே. அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். பலர் அறியாதது என்னவென்றால், சிவப்பிலும் இருவகை உண்டு, இரண்டுக்கும் செய்யவேண்டியது வெவ்வேறு என்பதே.

டர்போ பொருத்திய எஞ்சினைச் சுமையிலிருந்து விடுவித்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின்பு நிறுத்தவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்களுக்கு மேலும் சுழலக்கூடியது. அது ஆறி அடங்கும்வரை ஆயில் கிடைக்கவேண்டும். நல்ல பழக்கந்தான். ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு எரியும்போது இந்த மரியாதையெல்லாம் கூடாது. ஆயிலே செல்லாத எஞ்சினை மெதுவாக ஓட்டினால் மெதுவாகத் தேயும், அவ்வளவே. அந்த நொடியே சாவியைத் திருப்பி நிறுத்துவதுதான் முறை.

வெப்ப விளக்கு எரிந்தாலோ நேர்மாறு. சூடேறிய எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் தண்ணீர் ஓட்டமும் விசிறியும் சேர்ந்தே நின்றுவிடும். உள்ளே தேங்கிய வெப்பம் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் வாட்டும். ஆதலால் சுமையை விட்டு, குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு, முள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலும், ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டிவிட்டாலும், பெல்ட் அறுந்திருந்தாலும் ஓடவிடுவதில் பயனில்லை. உடனே நிறுத்திவிட வேண்டியதுதான்.

இனி ஆயில் விளக்கின் காரணத்தைத் தேடும் வகை. சமதரையில் நிறுத்தி, ஆயில் கீழே வடியப் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கை உருவிப் பார்க்கவேண்டும். அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஓட்டுவதல்ல வழி. போன ஆயில் எங்கே போயிற்று என்று ஃபில்டரின் அடியிலும், டிரெய்ன் பிளக்கிலும், டர்போவுக்குச் செல்லும் குழாயிலும் தேடவேண்டும். அளவு கூடியிருந்தால் அது இன்னும் தீயது. விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா? இன்ஜெக்டரோ பம்ப்போ ஒழுகி ஆயிலை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது. மோர்போல் வெளுத்திருக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கிறது, ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். இவ்விரண்டிலும் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அளவும் சரி, நிறமும் சரி, தட்டும் ஓசையும் இல்லையென்றால், “சென்சார் போயிற்று” என்று சொல்ல எல்லோருக்கும் நாக்கு நீளும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கனெக்டரில் ஆயில் ஊறியிருக்கிறதா, ஒயர் உரசி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சென்சாரைக் கழற்றி அவ்விடத்தில் சாதாரண பிரஷர் கேஜ் ஒன்றைத் திருகி, எஞ்சினைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். கேஜ் சரியான அழுத்தம் காட்டினால்தான் சென்சார் குற்றவாளி. இந்தச் சோதனை மெக்கானிக் செய்யவேண்டியது. ஆபரேட்டர் செய்யவேண்டியது அதுவரை இயந்திரத்தை ஓட்டாதிருப்பது. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மினுக்கி, ஆக்சிலரேட்டரை ஏற்றியதும் அணைந்துவிடுவதும் உண்டு. வேகத்தை ஏற்றி விளக்கை அணைப்பதைச் சாமர்த்தியமாக நினைப்போர் இருக்கின்றனர். ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது தரம் மாறியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது என்று அந்த மினுக்கல் முன்கூட்டியே சொல்கிறது.

வெப்பத்துக்கு வருவோம். நிலக்கரி சைடிங்கிலும் ஜல்லி கிரஷரிலும் எஞ்சின் சூடேறப் பெரும்பாலும் தூசியே காரணம். ரேடியேட்டரின் முன்னே ஹைட்ராலிக் கூலர், ஏ.சி. கண்டென்சர் என்று அடுக்கடுக்காக நிற்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் நடுவில் கரிப்பொடி படிந்து அடைத்திருக்கும். காற்று எப்பக்கமிருந்து உள்ளே வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதி வெளியேற்றவேண்டும். அருகில் நின்று முழு அழுத்தத்தில் ஊதினால் மெல்லிய தகடுகள் மடங்கி, தூசியினும் கெட்ட அடைப்பாகிவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. மூடியின் அழுத்தத்தால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அவ்வளவும் ஆவியாய்ப் பொங்கி முகத்தில் அடிக்கும். சூடு குறையவில்லையென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. சில எஞ்சின்களில் அதனாலேயே தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியில் சுற்றிச் சூடு கூடும் என்பதைக் கழற்றுவோர் கவனிப்பதில்லை.

விளக்குகளைத் தனித்தனியே பார்ப்பதினும் சேர்த்துப் பார்ப்பது நன்று. சார்ஜ் விளக்கும் வெப்ப விளக்கும் ஒன்றாக எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுவது ஒரே பெல்ட்தான். சார்ஜ் விளக்கு மட்டும் எரிந்து பெல்ட் இறுக்கமாக இருந்தால் பாட்டரி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். 24 வோல்ட் இயந்திரம் ஓடும்போது 27, 28 வோல்ட் அளவில் காட்டவேண்டும். 24-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை.

டீசலில் தண்ணீர் என்று காட்டும் மஞ்சள் விளக்கைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். இக்கால காமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே செல்கிறது. இன்ஜெக்டரின் உள்ளிடைவெளி மயிரிழையினும் பன்மடங்கு சிறியது. அதனுள் தண்ணீர் புகுந்தால் துருவும் தேய்மானமுமே மிச்சம். செப்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டால் விளக்கு அணையும். மறுநாளே மீண்டும் எரிந்தால் கோளாறு டிரம்மில். டிரம்மை அசைக்காமல் வைத்து, அடிமட்டத்திலிருந்து எடுக்காமல் மேலிருந்தே எடுக்கவேண்டும். மாலையில் டாங்க்கை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே பனித்து நீர் சேர்வதும் குறையும். மழைக்காலத்தில் இது இரட்டிப்பு முக்கியம்.

விளக்கோடு திரையில் எண்களும் தோன்றினால் மிரள வேண்டா. பல கம்பெனிகள் எஸ்.ஏ.இ. ஜே 1939 என்ற பொது முறையில் எழுதுகின்றன. எஸ்.பி.என். என்ற எண் எந்த உறுப்பு என்பதையும், எஃப்.எம்.ஐ. என்ற எண் என்ன கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்.பி.என். 100 ஆயில் பிரஷர். 110 கூலண்ட் வெப்பம். 97 டீசலில் நீர். எஃப்.எம்.ஐ. 0 என்றால் அளவு மிக ஏறிவிட்டது, 1 என்றால் மிக இறங்கிவிட்டது, இவ்விரண்டும் கடுமையானவை. 3, 4, 5 ஆகியவை வோல்டேஜும் கரண்டும் பற்றியவை. அதாவது ஒயரிலோ கனெக்டரிலோ சென்சாரிலோ சந்தேகம். ஆகவே 100-உடன் 1 வந்தால் ஆயிலைத் தேடு. 100-உடன் 4 வந்தால் ஒயரையும் தேடு. தொலைபேசியில் மெக்கானிக்கிடம் “ஏதோ விளக்கு எரிகிறது” என்பதற்குப் பதில் இவ்விரு எண்களைச் சொன்னால், அவர் உரிய சாமானோடு வருவார். ஒரு நாள் மிச்சம்.

சக்கரம் பூட்டிய கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் நான்காம் கட்ட மாசு விதி வந்தபின், புதிய விளக்குகளும் சேர்ந்தன. புகைக்குழாயில் தெளிக்கப்படும் டெஃப் திரவம் 32.5 விழுக்காடு தூய யூரியா கலந்தது. வயலுக்கு வாங்கும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதுமென்று சொல்வோர் உளர். 2015 முதல் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதை ஊற்றினால் விலையுயர்ந்த கேட்டலிஸ்ட் கெடும், விளக்கு எரியும், எஞ்சின் தானே வலுவைக் குறைத்துக்கொள்ளும். கரிப்பொடி ஃபில்டர் பொருத்தியவற்றில், சேர்ந்த கரியை எரிக்க ரீஜெனரேஷன் கேட்டு ஒரு விளக்கு வரும். அப்போது புகைக்குழாயின் வெப்பம் 600 டிகிரியை எட்டும். உலர்ந்த புல்லும் டீசல் டிரம்மும் இல்லாத வெளியில் நிறுத்தி, முடியும்வரை விடவேண்டும். நேரமில்லையென்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டால், பின்பு கழற்றித்தான் சுத்தம் செய்ய நேரும்.

புதிதாக ஓர் இயந்திரத்தில் ஏறுவோரும், பழைய இயந்திரத்தை விலைக்கு வாங்குவோரும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருகணம் எரிந்து காட்டவேண்டும். எரியாத விளக்கு இருந்தால் பல்பு போயிருக்கலாம். ஒயரை எவரோ வெட்டியும் இருக்கலாம். நோயை மறைத்து விற்போர் செய்யும் வேலை இது. வெளிப் பெயிண்டின் பளபளப்பைவிட இதையே முதலில் பாருங்கள்.

இயந்திரத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கிடக்கட்டும். எந்த விளக்கு, எந்த எண், மணி மீட்டர் எவ்வளவு, என்ன செய்தோம், ஓட்டச் சொன்னவர் யார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். நம் அலுவலகத்தில் எழுத்தில் இல்லாதது நடக்கவேயில்லை என்று கொள்வார்கள். கான்டிராக்டரின் அலுவலகமும் அப்படியே. கைப்பேசி வைத்திருப்போர் எரியும் விளக்கைப் படமெடுத்து முதலாளிக்கு உடனே அனுப்பிவிடலாம். அந்தப் படத்தில் மணி மீட்டரின் எண்ணும் தெளிவாகத் தெரியவேண்டும்.