பழைய வீட்டைப் புதுப்பித்தல்

திருவனந்தபுரத்திற் குடியேறிய நம்மவர் பலர்க்கு, கைப்பொருளுக்கேற்பக் கிட்டுவது சிதைந்த ஓட்டு வீடே. அதை இடித்துக் கட்டக் கடன்பட்டால், ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் பணம் குறையுமன்றோ? இந்நகரில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் காட்டிய சிக்கன வழியை நாம் கருதுவோம்.

இங்கு ஜூனிலும் அக்டோபரிலும் இரு பருவமழைகள் தொடங்குகின்றன. ஆதலின் முதற்செலவு கூரைக்கே உரியது. தை, மாசியில் உடைந்த ஓடுகளையும் உளுத்த கைமரங்களையும் மட்டும் மாற்றுவோம். கூரை ஒழுகும்வரை சுவருக்கு வண்ணம் பூசுவது வீண். மின்கம்பிகள் பழுதாயின், அவற்றில் சிக்கனம் ஆகாது.

கழற்றிய கதவும் சன்னலும் செங்கல்லும் மீண்டும் பயன்படும். புதுச்சுவர் தேவையாயின், பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' நன்று. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடுவது அம்முறை. ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செங்கல் மிஞ்சும். இடைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். மேற்பூச்சும் வேண்டுவதில்லை. இந்நகரில் பேக்கர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் பூசாத செங்கற் சுவர்கள் இதற்குச் சான்று.

மழை நுழையாத கூரை முதலில் அமையட்டும். ஏனையவற்றை ஆண்டுக்கொன்றாகக் கடனின்றிச் செய்துகொள்வோம்.