முதலில் காற்றுத்துளையைப் பாருங்கள்

பார்பிக்யூ அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எத்தனை பேருக்குப் போதும், விலை என்ன? இரண்டும் நியாயமானவை. ஆனால் கோழி வெளியே முறுகலாகி உள்ளே பக்குவமாக வேகுமா, அல்லது மேலே கருகி எலும்போரம் பச்சையாக நிற்குமா என்பதை அளவோ விலையோ தீர்மானிப்பதில்லை. காற்றுதான் தீர்மானிக்கிறது. எனவே கடையில் முதலில் கை வைக்க வேண்டியது அடுப்பின் அடியிலுள்ள காற்றுத்துளையின் தகட்டில். அது சிக்காமல் நகர்கிறதா, மூடினால் இடுக்கில்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பளபளக்கும் வண்ணம், பக்கத்துப் பலகை, சக்கரம் எல்லாம் அப்புறம்.

இதற்குக் காரணம் கரியின் இயல்பு. விறகில் நாம் பார்க்கும் சுவாலை, சூட்டில் மரத்திலிருந்து பிரிந்து வரும் வாயுக்கள் எரிவதால் உண்டாவது. மூட்டம் போட்டுக் கரி சுடும்போது அந்த வாயுக்களும் ஈரமும் முன்னதாகவே போய்விடுகின்றன. மிஞ்சுவது பெரும்பகுதி கார்பன். அது ஆக்சிஜன் வந்து தொடும் மேற்பரப்பில் மட்டுமே எரியும். கூடை நிறையக் கரி கொட்டினாலும் காற்றில்லாவிட்டால் சூடில்லை. மெரினாவில் சோளம் சுடுகிறவர் விசிறியைக் கீழே வைக்காமல் வீசிக்கொண்டிருப்பது இதனால்தான். வீச வீச, மங்கிய சிவப்பில் கிடந்த கங்கு ஆரஞ்சு நிறத்துக்கு ஏறும். ஒரு பொருள் வீசும் கதிர்வெப்பம் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வது இயற்பியல் விதி. கங்கு 650 டிகிரி செல்சியஸிலிருந்து 900 டிகிரிக்குப் போனால், அது வீசும் வெப்பம் சுமார் 2.6 மடங்காகிவிடும். விசிறியின் சில வீச்சுகளில் அடுப்பே வேறாகிவிடுகிறது.

திறந்த அடுப்பில் இந்தக் காற்று நம் கையில் இல்லை. மொட்டை மாடியில் சமைத்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கரி கொதிக்கும், மறு பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அமெரிக்காவின் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவரும் இதே தொல்லையைத்தான் பட்டார். அவர் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் நீரில் மிதக்கவிடும் உருண்டையான மிதவைகள் செய்தார்கள். 1952இல் அவர் அந்த உருண்டையைக் குறுக்கே பிரித்து, கீழ்ப்பாதியைக் கரிச் சட்டியாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று உலகெங்கும் விற்கும் கெட்டில் வகை அடுப்பு அதன் வழிவந்ததே.

அந்த மூடி செய்யும் வேலை பெரிது. வெளிக்காற்று இனி துளை வழியாகத்தான் உள்ளே வர முடியும். சூடான காற்று மேல்துளை வழியே வெளியேறும்போது கீழ்த்துளை வழியே புதுக்காற்றை இழுக்கிறது. கீழ்த் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் கங்கு அடங்கும், திறந்தால் சீறும். மேல்துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். புகை உள்ளேயே தேங்கி இறைச்சியில் கசப்பாகப் படியும்.

மூடி இருந்தால் இன்னொன்றும் முடியும். கரி முழுவதையும் ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுவது. கரிக்கு மேலே நேரடிக் கதிர்வெப்பம். காலிப் பக்கத்தில் சுற்றிவரும் சூடான காற்று மட்டும். இறைச்சியின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றி சுமார் 140 டிகிரியை எட்டும்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. கோழித் தொடையைக் கரிக்கு நேர் மேலே வைத்துப் பழுப்பாக்கி, பிறகு காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடியைப் போட்டால், உட்புறம் 74 டிகிரியை அடையும்வரை மேல்தோல் கருகாமல் காத்திருக்கும். குத்திப் பார்க்கும் சிறு வெப்பமானி ஒன்றையும் அடுப்போடு வாங்கிவிடுங்கள். மூடியில் பதித்த வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை. கோழியின் சூட்டை அது அறியாது.

கம்பி வலையை உயர்த்தித் தாழ்த்தும் வசதிக்காக அதிக விலை கொடுக்க வேண்டுமா? எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அகலமாகப் பரப்பிய கங்கிலிருந்து வரும் கதிர்வெப்பம், வலையைச் சில சென்டிமீட்டர் உயர்த்துவதால் பெரிதாகக் குறைவதில்லை. கரியைத் தள்ளி வைக்க இடம் இருப்பதே பெரிய வசதி. அதனால்தான் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கும் 18 இஞ்ச் அடுப்பைவிட 22 இஞ்ச் அடுப்பைச் சொல்வேன். விட்டத்தில் நாலு இஞ்ச் கூடினால் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பாதியைக் காலியாக விட்டாலும் சமைக்க இடம் மிஞ்சும். கம்பியில் கோத்த பன்னீர், சோளம், மெல்லிய மீன் துண்டு, இவை மட்டும்தான் சுடுவீர்கள் என்றால் மூடியில்லாத மடக்கு அடுப்பே போதும். வீண் செலவு வேண்டாம்.

உடல்நலமும் இதில் சேர்ந்திருக்கிறது. கொழுப்பு கங்கில் சொட்டும்போது எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் உண்டு. கடும் சூட்டில் கருகும் இறைச்சியில் வேறு வகைச் சேர்மங்களும் உருவாகின்றன. இவற்றில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. கொழுப்பை நறுக்கி எடுப்பது, கரியில்லாத பக்கத்தில் பெரும்பகுதி நேரம் வேகவைப்பது, கருகிய ஓரத்தை வெட்டி எறிவது, மூன்றுமே இவற்றைக் குறைக்கும். எலுமிச்சையும் பூண்டும் மசாலாவும் தடவி ஊறவைப்பதும் உதவுவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

கேஸ் அடுப்பை இளப்பமாகப் பேசுவது சரியல்ல. கொழுப்பு சூடான தகட்டில் சொட்டினாலும் புகை மணம் எழும். அடிக்கடி, அவசரமாகச் சமைப்பவருக்கு அது நல்ல தேர்வு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் சிலிண்டரைப் பள்ளமான இடத்தில் வைக்கக் கூடாது. மின்சார அடுப்பின் வரம்பைக் கணக்கே சொல்லும். ஒரு கிலோ நல்ல கரி ஒரு மணி நேரத்தில் எரிந்தால் வெளிவரும் வெப்பத்தின் திறன் சுமார் 8 கிலோவாட். வீட்டு பிளக்கில் ஓடும் அடுப்பு 2 கிலோவாட் அளவில் நின்றுவிடும். கரியின் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுவது உண்மைதான். ஆனாலும் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

உலோகத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: கரியோ உணவோ படும் இடத்தில் துத்தநாகம் பூசிய தகடு கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். அதன் புகை ஆகாது. துருப்பிடிக்காத எஃகா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது அரைச் சோதனைதான். நல்ல 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. கடலோர ஊரில் இருப்பவர்கள் ரகத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கரிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போடும் சீமைக் கருவேலம், டெக்சாஸ்காரர்கள் இறைச்சி சுடுவதற்குப் போற்றும் மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. நம் நிலத்தடி நீரையும் கண்மாய்களையும் பற்றிய கவலையில் நாம் வெட்டச் சொல்லும் அதே மரத்தின் கரி நல்ல சூடு தரும். கொஞ்சம் பொறி பறக்கும், அவ்வளவுதான். பொறி வேண்டாதவர்கள் கொட்டாங்கச்சிக் கரியை அச்சில் அழுத்திய கட்டிகளை வாங்கலாம். நிதானமாக, நெடுநேரம் எரியும். பற்றவைக்க மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். இரு பக்கமும் திறந்த இரும்புக் குழாயில் கரியை நிரப்பி, அடியில் காகிதம் கொளுத்தினால், மேலெழும் சூடே காற்றை இழுத்து 20 நிமிடத்தில் கங்காக்கிவிடும்.

திறந்த வெளி இல்லாத அடுக்குமாடி வீடு என்றால் கரி அடுப்பு வாங்கவே வேண்டாம் என்பேன். கங்கில் புகை நின்ற பின்னும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மலைவாசஸ்தலங்களில் குளிருக்காக அடுப்பை அறைக்குள் எடுத்துப் போய்த் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகளைப் படித்திருக்கிறோம். கண்ணாடி அடைத்த பால்கனியும் அறைதான்.

சமைத்து முடித்ததும் மேல், கீழ் இரண்டு துளைகளையும் மூடிவிடுங்கள். காற்று நின்று கங்கு அணையும். மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மறுநாள், நன்றாக ஆறிய பிறகு, இரும்பு வாளியில் அள்ளுங்கள். சட்டியிலேயே விட்டுவைத்தால் அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழைக்காலத்துக்குள் அடித்தகட்டை அரித்துவிடும்.