ஈரல் நோயின் முன்னறிகுறிகள்

கண் மஞ்சளித்த பின்னரே செங்கமாரி எனக் கருதி மருத்துவரை நாடுதல் நம்மவர் வழக்கம். ஈரலின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு காத்திரார். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு, தன் பெரும்பகுதி கெடும்வரை நோவின்றித் தொழிலாற்றும் வன்மையுடையது. வயிற்றில் நீர்க்கோவை, கால்வீக்கம், இரத்தவாந்தி ஆகியன நாட்பட்ட ஈரல் நோய் முற்றியதன் குறிகளேயன்றித் தொடக்கக் குறிகளல்ல.

விரைந்து தோன்றும் ஈரல் நோயும் உண்டு. கண்டிக்குத் தெற்கே, மகாவலிக் கரையிலுள்ள கம்பளையில் 2007ஆம் ஆண்டு ஏ வகை ஈரலழற்சி பரவியது. மாசுற்ற நீராலும் உணவாலும் இதன் நச்சுயிர் உடலிற் புகும். 15 முதல் 50 நாட்களில் நோய் வெளிப்படும். முதலிற் சோர்வு, பசியின்மை, குமட்டல், காய்ச்சல். பின்னர்ப் பாலற்ற தேநீர் போலக் கறுத்த சிறுநீர். அதன் பின்னரே கண்ணில் மஞ்சள். பழைய செங்குருதியணுக்கள் சிதைவதாற் பிறக்கும் பிலிரூபின் என்னும் நிறப்பொருளை நலிந்த ஈரல் பித்தத்தோடு குடலுக்குச் செலுத்தமாட்டாது; அது குருதியிற் பெருகுதலே இந்நிறமாற்றத்திற்குக் காரணமாகும்.

நோயாளி பிறர்க்கு நோயைப் பெரிதும் பரப்புங் காலம், மஞ்சள் தோன்றுதற்கு முந்திய இரு கிழமைகளாகும். ஆதலின், விடுதியில் ஒன்றாய் உண்டு பருகும் மாணாக்கர், தோழன் கண் மஞ்சளிக்கும்வரை காத்திராது, கொதித்தாறிய நீரையே என்றும் பருகுதலும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும், சிறுநீர் கறுத்த அன்றே மருத்துவரை நாடுதலும் வேண்டும்.