வருகைப் பதிவேடும் தேடுதல் ஆணையும்

பள்ளி நூலகத்தில் நூல் எடுப்போர் தம் பெயரையும் நூலின் பெயரையும் நாளையும் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவர். எடுத்த நூல் திரும்ப வரவேண்டும் என்பதற்காகவே அந்தப் பதிவேடு வைக்கப்படுகிறது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஒருவர் அதனைப் புரட்டினால், நூல்களின் கணக்கைக் காட்டிலும் மாணவர்களின் மனமே அதில் மிகுதியாகத் தெரியும். ஒரு மாணவன் விண்வெளி நூல்களையே தொடர்ந்து எடுத்திருப்பான். ஒரு மாணவி, தேர்வு அச்சத்தை வெல்வது எப்படி என்னும் நூலை ஓராண்டில் மூன்று முறை எடுத்திருப்பாள். தன் அச்சத்தை அவள் தோழியிடமும் சொல்லியிருக்கமாட்டாள். பதிவேடு சொல்லிவிடுகிறது.

வலைத்தளங்களுக்கும் இத்தகைய பதிவேடு உண்டு. நூலகத்தில் நாமே எழுதுகிறோம். இங்கே கணினி தானாகவே எழுதிக்கொள்கிறது. ஒரு வலைத்தளம் இருக்கும் கணினியைச் சர்வர் என்பர். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, நம் கைபேசியோ கணினியோ அந்தச் சர்வருக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. கேட்ட பக்கத்தை எங்கே அனுப்புவது என்று சர்வருக்குத் தெரியவேண்டுமன்றோ? அதற்காக ஒரு முகவரி எண் உடன் செல்கிறது. அதுவே ஐ.பி. எண். அந்த எண், கேட்ட பக்கம், கேட்ட நாள், மணி, நிமிடம், நொடி, பயன்படுத்திய உலாவியின் வகை ஆகியவற்றைச் சர்வர் ஒரே வரியில் குறித்துக்கொள்ளும். பத்துப் பக்கம் பார்த்தால் பத்து வரிகளுக்குக் குறையாது. உலாவியின் மறைநிலையைத் திறந்துகொண்டால் இப்பதிவிலிருந்து தப்பிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். மறைநிலை, நம் கருவியில் மட்டுமே சுவட்டை வைக்காமல் விடும். சர்வரின் ஏட்டில் வரி விழுந்துவிடும்.

அந்த வரியில் பெயர் இராது; எண் மட்டுமே இருக்கும். ஆனால் எந்த நேரத்தில் எந்த எண்ணை எந்த இணைப்புக்குக் கொடுத்திருந்தோம் என்பது இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்குத் தெரியும். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்தால் எண்ணிலிருந்து வீட்டுக்குச் சென்றுவிடலாம். வீட்டுக்குத்தான் செல்லலாம், ஆளுக்கு அன்று. தாத்தா செய்தி படிப்பதும், தம்பி கிரிக்கெட் பார்ப்பதும், அம்மா அலுவலகப் பணி செய்வதும் ஒரே வைஃபையின் வழியே என்றால், வெளியே தெரிவது ஓர் எண்தான். கைபேசி இணைப்புகளிலோ முன்பின் அறியாத பலர் ஒரே நேரத்தில் ஓர் எண்ணைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

இந்த ஏட்டை அரசு கேட்டால் என்ன நேரும்? அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது.

அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள் டொனால்டு டிரம்ப் அந்நாட்டின் அதிபராகத் தலைநகர் வாஷிங்டனில் பதவியேற்றார். அவருக்கு எதிராக அன்று நகரில் பல ஊர்வலங்கள் நடந்தன. பெரும்பாலானவை அமைதியாக முடிந்தன. ஒரு கூட்டத்தில் வந்த சிலர் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தனர். கார் ஒன்று எரிந்தது. காவல்துறை 200-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. எதிர்ப்பாளர்களுக்குச் செய்தி சொல்ல 'டிஸ்ரப்ட் ஜே20' என்னும் வலைத்தளம் ஒன்று இயங்கியது. அந்தத் தளத்துக்குச் சர்வரில் இடம் கொடுத்திருந்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டிரீம்ஹோஸ்ட் நிறுவனம். தளத்தில் எழுதப்பட்டதற்கும் அந்நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் போன்றது அதன் நிலை.

ஜூலை மாதத்தில் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்திடம் ஒரு தேடுதல் ஆணை பெற்று அந்நிறுவனத்திடம் கொடுத்தனர். தேடுதல் ஆணை என்பது நாளிதழ்களில் 'சர்ச் வாரண்ட்' என்று வருவது. ஓர் இடத்தைச் சோதிக்கவும், வழக்குக்கு வேண்டிய பொருளை எடுத்துச்செல்லவும் அது இசைவு தரும். குற்றம் நடந்திருக்கிறது, அதனைப் புலனாய்வதும் காவல்துறையின் கடமை. இதில் டிரீம்ஹோஸ்டுக்கு மறுப்பில்லை. தளத்தைப் பதிவு செய்தவர் யார் என்னும் விவரத்தை முன்னரே அது கொடுத்திருந்தது. இப்போது வந்த ஆணையோ தளம் தொடர்பான எல்லாவற்றையும் கேட்டது. வருகைப் பதிவு முழுவதையும் கொடுப்பதென்றால், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. எண்களைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நிறுவனம் கணக்கிட்டது. தளத்துக்கு வந்த மின்னஞ்சல்களும், வெளியிடப்படாமல் இருந்த படங்களும் வரைவுகளும் அதற்கு மேல்.

ஊர்வலத்துக்குச் சென்றவர்கள் அத்தனை லட்சம் பேர் அல்லர். செய்தியாளர், ஆய்வு மாணவர், எதிர்க்கருத்துடையவர், என்னதான் எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் என எத்தனையோ வகையினர் அந்தத் தளத்தைத் திறந்திருக்கக்கூடும். தெருமுனையில் ஒட்டிய சுவரொட்டி ஒன்றால் கலவரம் மூண்டது என்று கொள்வோம். ஒட்டியவரைத் தேடுவது முறை. நின்று படித்தவர் அனைவரின் முகவரியையும் கேட்டால், தேடப்படுவது சுவரொட்டி அன்று, படித்த பழக்கம்.

அரசுத் தரப்புக்கும் ஒரு விடை இருந்தது. கணினித் தரவில் வேண்டியது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. ஆகவே முதலில் மொத்தமாகப் பெற்று, பின்னர் வழக்குக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வோம் என்றனர். அமெரிக்க நீதிமன்றங்களில் இது புதிய வழக்கமும் அன்று. ஆனால் பொறுக்கி எடுக்கும்வரை மூட்டை முழுவதும் யார் கையில் இருக்கும்? ஒரு கடிதத்தைத் தேடுபவர் அஞ்சல் நிலையத்துச் சாக்குகளையெல்லாம் தம் வீட்டுக்குக் கொண்டுபோய், மற்றவற்றை நான் படிக்கமாட்டேன் என்று சொன்னால் அதனை நம்பி இருந்துவிட முடியுமா?

இந்த அச்சம் இணையத்தோடு பிறந்ததன்று. இங்கிலாந்தில் ஜான் வில்க்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் 'நார்த் பிரிட்டன்' என்ற இதழை நடத்தினார். 1763 ஏப்ரலில் வெளிவந்த அதன் 45ஆம் இதழ் அரசரின் உரையைக் கடுமையாகத் தாக்கியது. ஹாலிஃபாக்ஸ் பிரபு என்னும் அமைச்சர் உடனே ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் எவருடைய பெயரும் இல்லை. அந்த இதழை எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரைத் தேடிப் பிடித்து அவர்தம் தாள்களையும் கைப்பற்றுக என்று மட்டும் இருந்தது. பெயரில்லாத இத்தகைய ஆணைக்குப் பொது ஆணை என்று பெயர். அதனைக் கையில் வைத்துக்கொண்டு 49 பேரைப் பிடித்தனர். டிரைடன் லீச் என்னும் அச்சகத்தாரை இரவில் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோயினர். அவரோ அந்த 45ஆம் இதழை அச்சிட்டவரே அல்லர். வில்க்ஸும் அச்சகத்தாரும் வழக்குத் தொடுத்து வென்றனர். ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டைச் சோதித்த வேறொரு வழக்கில் 1765இல் தீர்ப்புக் கூறிய கேம்டன் பிரபு, சட்டம் இசைவு தராத இடத்தில் அரசின் ஆள் நுழைந்தாலும் அது அத்துமீறலே என்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் இந்த வழக்குகளை உன்னிப்பாகக் கவனித்தன. விடுதலை பெற்ற பின் 1791இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் நான்காம் திருத்தம், தேடவேண்டிய இடத்தையும் எடுக்கவேண்டிய ஆளையோ பொருளையோ ஆணையில் தனித்துக் குறிப்பிடவேண்டும் என்று விதித்தது. டிரீம்ஹோஸ்ட் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியது இந்த விதியைத்தான். 13 லட்சம் எண்கள் எனில் அதில் தனித்துக் குறிப்பிட்டது யாரை?

ஆகஸ்ட் மாதத்தில் நிறுவனம் இச்செய்தியை ஊரறியச் சொன்னது. எட்டே நாள்களில் அரசு இறங்கிவந்தது. வருகைப் பதிவும் வெளியிடாத வரைவுகளும் தமக்கு வேண்டா என்று கூறிய அரசு வழக்கறிஞர்கள், இத்தனை தரவு அந்நிறுவனத்திடம் இருப்பதை முன்னர் அறியவில்லை என்றும் சொன்னார்கள். கேட்டபோது அளவு தெரியாமல் கேட்டோம் என்பதே இதன் பொருள். நிறுவனம் வாய்திறவாமல் கொடுத்திருந்தால் அந்த அளவு எவருக்கும் தெரிந்திராது. தளத்தைப் பார்த்தவர்களுக்கு ஆணை வரவில்லை. அவர்கள் நீதிமன்றத்தில் ஒரு தரப்பாகவும் இல்லை. அவர்களுக்காகப் பேசுவதற்கு இருந்தது ஏட்டை வைத்திருந்த நிறுவனம் ஒன்றே.

குறுக்கிய ஆணையின் மீது ஆகஸ்ட் 24ஆம் நாள் நீதிபதி ராபர்ட் மோரின் விசாரணை நடத்தினார். தரவைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் அதனை யார் யார் பார்ப்பர், எம்முறையில் தேடுவர் என்பதை நீதிமன்றத்துக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்றும், பிற துறைகளோடு பகிரலாகாது என்றும் கட்டுப்பாடு விதித்தார். அக்டோபரில் வந்த இறுதி ஆணை இன்னும் ஒரு படி சென்றது. பயனாளர்களின் அடையாளங்களை நிறுவனம் மறைத்துக் கொடுக்கும். அரசு அதனைப் படித்து, குற்றத்தோடு தொடர்புடையது இன்னது என்று நீதிபதிக்குக் காட்டிய பிறகே அதற்குரிய பெயரைப் பெறமுடியும். ஆணையைச் செயற்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டெனினும், குற்றத்தில் பங்கில்லாதவர்களின் அடையாளங்களைத் துழாவும் உரிமை இல்லை என்பது நீதிபதியின் முடிவு. கைதானவர்களில் ஒரு சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். முதலில் விசாரிக்கப்பட்ட 6 பேரையும் ஜூரியினர் 2017 டிசம்பரில் விடுவித்தனர். எஞ்சிய வழக்குகளை 2018 ஜூலையில் அரசே கைவிட்டது.

வாஷிங்டனில் விசாரணை நடந்த அதே 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புது தில்லியிலும் ஒரு தீர்ப்பு வெளியாயிற்று. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 80 வயதைக் கடந்த நிலையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கில் எழுந்த கேள்வி அது: அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையா? உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக ஆம் என்றனர். உயிரும் தனிமனித விடுதலையும் பற்றிய அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அவ்வுரிமை அடங்கியிருக்கிறது என்றனர். இதற்கு அவர்கள் தாண்டவேண்டியிருந்த பழைய தீர்ப்புகளுள் ஒன்று, தேடுதல் ஆணையைப் பற்றியதே. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகள், அமெரிக்காவின் நான்காம் திருத்தம் போன்ற ஒன்றை நம் அரசமைப்பை வகுத்தோர் சேர்க்கவில்லை என்று கூறியிருந்தனர்.

'அந்தரங்கம்' என்ற சொல்லுக்கு ஒளிவுமறைவு என்னும் சாயல் சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் சிலர் தனியுரிமை என்று எழுதுகின்றனர். அச்சொல்லோ ஒருவருக்கு மட்டுமே உரிய சலுகை என்றும் பொருள்படும். எச்சொல்லைக் கொண்டாலும் கருத்து ஒன்றுதான். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவர் குற்றம் செய்தவர் அல்லர்.

புட்டசாமி தீர்ப்பு அந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று சொல்லவில்லை. அரசு அதில் தலையிடலாம். அதற்கு ஒரு சட்டம் இருக்கவேண்டும், முறையான தேவை இருக்கவேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு இருக்கவேண்டும். இம்மூன்றில் கடைசியானது, மோரின் அன்று எடைபோட்டுக்கொண்டிருந்ததும் ஆகும்.

இந்தியாவில் இந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன? 2022 ஏப்ரலில் மைய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன், சர்வர் பதிவுகளை 180 நாள்கள் நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. இணையத் தாக்குதல் நடந்தால் துப்புத் துலக்க அவை தேவை என்பது அதற்குரிய காரணம். அப்பதிவுகளை நீதிமன்ற ஆணையின் வழியாகக் கேட்கலாம். அதுவன்றி, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவும் அதனை ஒட்டிய பிரிவுகளும் உண்டு. கணினித் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் இசைவு தரும் 69ஆம் பிரிவின்படி ஆணையிடுபவர் நீதிபதி அல்லர், உள்துறைச் செயலர். ஆணைகள் சரியானவையா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. அதில் அமர்வோரும் அரசின் செயலர்களே.

அந்த ஆணையைப் பெறும் நிறுவனம் அதனை மறைவாகவே வைத்திருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. டிரீம்ஹோஸ்ட் செய்ததுபோல் ஊரறியச் சொல்ல இங்கே இடமில்லை. ஏட்டில் தன் வீட்டு எண் இருந்ததையும், அதனை ஒருவர் கேட்டு வாங்கிப் பார்த்ததையும் பக்கத்தைப் படித்தவர் ஒருபோதும் அறியாமலே இருந்துவிடலாம்.