மூன்று இரவா, ஏழு இரவா?



'செலவு' என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் தருவது. பண்டை இலக்கியத்தில் அது பயணத்தைக் குறித்தது. இன்று பணம் கைவிட்டுப் போவதைக் குறிக்கிறது. 'செல்' என்னும் ஒரே வேரில் கிளைத்த இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து நிற்பது, குடும்பத்தோடு மேற்கொள்ளும் உல்லாசக் கப்பற்பயணத்தில். அதனைக் குறுகியதாக அமைத்துக்கொள்வதா, நீண்டதாக அமைத்துக்கொள்வதா என்னும் வினாவை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன். இது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டா. ஓராண்டுச் சேமிப்பையும் ஓராண்டு விடுமுறையையும் ஒரே முறையில் செலவிடப் போகும் நடுத்தரக் குடும்பம் எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதே நம் பொருள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மயாமி நகரை எடுத்துக்கொள்வோம். உல்லாசக் கப்பல்கள் மிகுதியாகப் புறப்படும் உலகத் துறைமுகங்களுள் அது ஒன்று. அங்கிருந்து 3 அல்லது 4 இரவுப் பயணங்களும் உண்டு. 7 இரவுப் பயணங்களும் உண்டு. எங்கே போகலாம் என்பதை முதலில் முடிவு செய்வது நம் விருப்பமன்று, கப்பலின் வேகமே. இக்கப்பல்கள் மணிக்கு ஏறத்தாழ 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர், செல்வன. பகாமாத் தீவுகளின் தலைநகரான நாசோ மயாமியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மாலையில் புறப்பட்ட கப்பல் பொழுது விடிவதற்குள் அதனை எட்டிவிடும். போர்ட்டோ ரிக்கோத் தீவின் சான் ஹுவான் துறையோ 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. போவதற்கே ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். ஆகவே மூன்று இரவுக்காரர் எவ்வளவு விரும்பினும் சான் ஹுவானைக் காண இயலாது.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அயல்நாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறை ஒன்றில் பயணிகளை ஏற்றிச் சுற்றிவந்து அதே துறையில் இறக்குமானால், இடையே வேற்றுநாட்டுத் துறை ஒன்றையேனும் தொட வேண்டும். 1886ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவு இது. உல்லாசக் கப்பல்களுள் பெரும்பாலானவை அயல்நாடுகளிலேயே பதிவானவை. மயாமிக்கு மிக அருகிலுள்ள அயல்நாடு பகாமா. குறும்பயணங்கள் பலவும் நாசோவையே நாடிச் செல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

இனி, நாட்களை எண்ணும் முறையைப் பார்ப்போம். மூன்று இரவுப் பயணத்தை 'நான்கு நாள்' என்று விளம்பரம் கூறும். ஆனால் முதல் நாள் நண்பகலுக்குப் பின்னரே பெரும்பாலோர் கப்பலேறுகின்றனர். அபாயக்கால ஒத்திகையும் அறையைத் தேடுவதுமாக அன்றைய பொழுது கழிகிறது. கடைசி நாள் காலையுணவு முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். ஆக, முழுமையாகக் கிடைப்பவை இரண்டே நாட்கள். ஏழு இரவுப் பயணத்தில் அவ்வாறு கிடைப்பவை ஆறு. நான்கில் இரண்டு பாதி; எட்டில் ஆறு முக்கால் பங்கு. இரவுகளை எண்ணாமல் முழு நாட்களை எண்ணுக என்பதே நான் கூறும் முதல் விதி.

பணத்தையும் இவ்வாறே பகுத்துப் பார்க்கலாம். துறைமுக நகரை அடைவதற்கும் அங்கே ஓரிரவு தங்குவதற்கும் ஒரு குடும்பத்துக்கு 1,200 டாலர் ஆவதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். பயணம் குறுகினாலும் நீண்டாலும் இத்தொகை மாறாது. இரண்டு முழு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 600 டாலர். ஆறு நாட்களுக்குப் பங்கிட்டால் 200 டாலர். இதனைக் கண்டு நீண்ட பயணமே மலிவு என்று முடிவு கட்டுவோர் பலர். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கப்பற்கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் பணியாளர்க்கு வழங்கும் அன்பளிப்பு, கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை நாளோடு வளர்வன. நாட்கணக்கில் சிறிதாகத் தோன்றும் பயணம் மொத்தத்தில் பெரிதாகவே நிற்கும். கடன் கொடுத்தவன் நாட்கணக்கைக் கேட்பதில்லை, மொத்தத்தையே கேட்கிறான். கடன் வாங்கித்தான் ஏழு இரவு போக வேண்டுமெனில், மூன்று இரவே குடும்பத்துக்கு நன்மை தரும்.

உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. காதின் உட்பகுதி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை இத்தொல்லை எளிதில் பற்றும். பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடும். குறும்பயணத்திலோ, உடல் பழகும் வேளையில் கரை வந்துவிடுகிறது! ஆயினும் கடல் ஒத்துக்கொள்ளாதவர்க்கு அதுவே ஆறுதலும் ஆகும். புளோரிடாவுக்கும் பகாமாவுக்கும் இடையே வடக்கு நோக்கி ஓடும் கல்ப் நீரோட்டத்தை எதிர்த்து வாடைக்காற்று வீசும்போது அலைகள் செங்குத்தாக எழும். ஆதலின் வழி குறுகியது என்பதனால் கடல் அமைதியாக இருக்குமென்று கருதலாகாது.

வானிலை கெட்டால் கப்பல் ஒரு துறையைத் தொடாமலே திரும்புவதும் உண்டு. அட்லாண்டிக்கின் சூறாவளிக் காலம் ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் இறுதி வரை. அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை இதற்குள்ளேயே அடங்குகிறது. மூன்று துறைகளில் ஒன்று தவறினால் இரண்டு எஞ்சும். ஒரே துறை இருந்து அதுவும் தவறினால் எஞ்சுவது ஏது?

குறும்பயணத்துக்குப் பழைய கப்பல்களையே விடுவார்கள் என்பதொரு கருத்து. முன்னாளில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் 2024ஆம் ஆண்டில் ராயல் கரீபியன் நிறுவனம் இரண்டு மாபெரும் புதுக் கப்பல்களை இயக்கத் தொடங்கியது. 'ஐகான் ஆஃப் தி சீஸ்' மயாமியிலிருந்து 7 இரவுப் பயணத்துக்கும், 'யுடோபியா ஆஃப் தி சீஸ்' புளோரிடாவின் போர்ட் கனாவரலிலிருந்து 3, 4 இரவுப் பயணங்களுக்கும் விடப்பட்டன. ஆகவே கப்பலின் புதுமையைக் கொண்டு பயணத்தின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை.

கல்விப் பயன் எதில் மிகுதி என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட பயணத்தில்தான். 1539இல் கட்டத் தொடங்கிய சான் ஹுவானின் எல் மோரோ கோட்டையையும், 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் பங்கிட்டுக்கொண்ட செயின்ட் மார்ட்டின் தீவையும் நேரிற் கண்ட மாணவன் வரலாற்றை மறவான். ஆயினும் விடுமுறைக்கு வெளியே சனிக்கிழமை தொடங்கி மறு சனி வரை செல்லும் பயணம் ஐந்து பள்ளி நாட்களை விழுங்கும். வெள்ளியன்று புறப்பட்டுத் திங்களன்று திரும்பும் பயணமோ இரண்டு நாட்களுக்கு மேல் கேட்பதில்லை.

முடிவாக என் கருத்தைக் கூறுகிறேன். கடலை ஒருமுறையும் அறியாத குடும்பமும், சிறு குழந்தையோடு செல்லும் குடும்பமும் முதலில் மூன்று அல்லது நான்கு இரவைத் தேர்வதே முறை. கடலோடு பழகியவர்கள், விமானக் கட்டணம் செலுத்தித் தொலைவிலிருந்து வருபவர்கள், கடனின்றிச் செலவிட வல்லவர்கள் ஏழு இரவைத் தேரலாம். எந்நிலையிலும் குடும்பத்தில் மிக வலிமையுடையவரின் ஆசையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். பாட்டியின் முழங்காலும் குழந்தையின் வயிறும் எத்தனை நாள் தாங்குமோ, அத்தனை நாளே அக்குடும்பத்தின் பயணம்.