பயின்ற விரல்களுக்கு ஜாஸ்

மேற்கத்திய செவ்வியல் பியானோவில் தேறிய ஒருவர் நடுவயதில் ஜாஸ் கற்க வந்தால், அவருக்கு விரல் பயிற்சி தேவைப்படாது. முதலில் கையில் தரப்படுவது ‘லீட் ஷீட்’ என்னும் ஒற்றைத் தாள். மெட்டு ஒரு வரியில் இருக்கும். மேலே கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பெயர்கள். இடது கைக்கு எதுவும் எழுதியிருக்காது. புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்த கோலம் அது. ஷோப்பானைப் பிசகாமல் வாசிப்பவர்களும் இதன் முன் திகைப்பதுண்டு.

பழக்க தோஷத்தால் அவர்கள் கார்டின் எல்லாச் சுரங்களையும் அழுத்தி, பெடலையும் மிதித்துவிடுவார்கள், ஓசை குழம்பும். ஆகவே முதல் வேலை குறைப்பதுதான். இடது கைக்கு இரண்டே சுரங்கள்: கார்டின் மூன்றாவதும் ஏழாவதும். அடிச்சுரத்தை பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். ஜாஸில் ஓயாமல் வரும் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 வரிசையில் இதைப் பார்க்கலாம். முதல் கார்டுக்கு எஃப், சி. அடுத்ததற்கு எஃப் அப்படியே இருக்க, சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. கடைசியில் பி நிற்கிறது, எஃப் அரைச்சுரம் இறங்கி இ ஆகிறது. மூன்று கார்டுகள் கடந்தும் கை ஏறக்குறைய அசையவே இல்லை. பாக்கின் கோரல்களை வாசித்தவருக்கு இந்த இறக்கம் பழகியதுதான். அதைத் தானே தேர்ந்து வாசிப்பதுதான் புதிது.

தாளம் இதைவிடக் கடினம். சமமாக எழுதப்பட்ட எட்டில்-ஒரு-பங்குச் சுரங்களின் ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலிக்கும். நடுத்தர வேகத்தில் விகிதம் சுமார் 2:1. வேகம் கூடக் கூட அது சமமாகிவிடும். தாளில் இதைப் பிடிக்க முடியாது, காதால்தான் முடியும். நியூயார்க்கில் கற்பித்த ஜாஸ் பியானோ கலைஞர் லென்னி ட்ரிஸ்டானோ, சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளோடு சேர்ந்து சோலோக்களைப் பாடும்படி மாணவர்களைப் பழக்கினார். மெட்ரோனோமை 2, 4 ஆம் தட்டுகளில் ஒலிக்கவிட்டு வாசிப்பதும் வழக்கமான பயிற்சி.

இப்படித் தாளில் இல்லாததை இட்டுக்கட்டி வாசிப்பது செவ்வியல் மரபுக்கு அந்நியமல்ல. 18ஆம் நூற்றாண்டில் கீழ்வரியையும் எண்களையும் பார்த்தே கார்டுகளை நிரப்பினார்கள். மொசார்ட் மேடையிலேயே இட்டுக்கட்டி வாசித்தார். பின்னாளில் அச்சுப் பிரதிக்கு அளவு மீறிய மரியாதை கொடுத்த கல்விமுறை இந்தத் திறனைக் கைவிட்டது வீண் இழப்பு.

இடது கைக்கு அந்த இரண்டு சுரங்கள் பழக்கமான பிறகே ஒன்பதாவது, பதின்மூன்றாவது சுரங்கள் சேரும். செவ்வியல் பயிற்சி பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் அடிச்சுரத்தை விட்டுவிட்டு இவற்றை அடுக்கிய முறை பலருக்கும் பாடமாயிற்று. வலது கைக்கு முதலில் கார்டின் சுரங்கள் மட்டும், அதுவும் இரண்டு தாள அளவைகளுக்குள். அது சரளமானதும் அதே பாட்டை 12 சுருதிகளிலும் வாசிக்கச் சொல்வார்கள்.