இல்லாத ஏடும் கெட்டுப்போன ஏடும்

பரிபாடல் என்னும் சங்க நூலில் மொத்தம் எத்தனை பாடல்கள் என்று கேட்டால் 70 என்போம். ஏடுகளில் முழுமையாகக் கிடைத்தவை எத்தனை என்று கேட்டால் 22 என்போம். மற்றப் பாடல்களை நம்மில் ஒருவரும் கண்டதில்லை. கண்டிராதவற்றை எண்ணிச் சொல்வது எப்படி? இறையனார் களவியலுரை என்ற பழைய உரை நூல், பரிபாடல் எழுபது என்று குறித்து வைத்திருக்கிறது. ஒரு நூலில் எது இல்லை என்பதை இன்னொரு நூல் சொல்லிவிடுகிறது. இன்று கணிப்பொறிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் தம்மிடம் இல்லாதவற்றைக் கணக்கிடுகின்றன. அதைப் பற்றியே இங்குக் காண்போம்.

ஒரு மென்பொருளை நூறு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பவும் வழி வேண்டும். இந்த ஏற்பாட்டிற்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். இதில் இன்று பெரிதும் வழங்குவது 'கிட்' என்ற மென்பொருள். பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழுவினர் அதுவரை கையாண்டுவந்த பிட்கீப்பர் இலவசமாகக் கிடைப்பது நின்றுபோனதே காரணம்.

கிட் ஒவ்வொரு பொருளுக்கும் பெயரிடும் முறை விந்தையானது. பெயரை நாம் சூட்டுவதில்லை. உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கிறது. ஷா-1 என்னும் அந்தக் கணக்கின் விடை 160 பிட்டுகள். எழுதிப் பார்த்தால் 40 குறியீடுகள். ஒரேயொரு காற்புள்ளியை மாற்றினாலும் பெயர் அடியோடு மாறிவிடும். ஆகவே ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று அறிய, மறுபடி கணக்கிட்டுப் பெயருடன் ஒப்பிட்டால் போதும். வலைவழியே அனுப்பும்போது அனுப்புகிறவர் பெயர்களைக்கூட அனுப்புவதில்லை. பெற்றுக்கொள்ளும் கணிப்பொறியே ஒவ்வொன்றுக்கும் பெயரைக் கணக்கிட்டுக்கொள்கிறது. பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கிய வெங்காயத்தை வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

இனி, இந்தப் பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் விதத்தைப் பார்ப்போம். கோப்புகளின் பெயர்கள் ஓர் அடைவுப் பட்டியலில் இருக்கும். அந்த அடைவின் பெயர் 'கமிட்' என்னும் பதிவில் இருக்கும். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் பெயரைத் தாங்கியிருக்கும். இது நம் அந்தாதி போன்றது அல்லவா? ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவதால், நடுவில் ஓர் ஏடு தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தாதியில் ஒரு குறை உண்டு. பாட்டின் நடுவில் யாராவது ஒரு சொல்லை மாற்றி எழுதினால் தொடை அறுபடாது. கிட்டின் பெயரிலோ முழுப் பாட்டும் அடங்கியிருப்பதால் அந்த மாற்றமும் அகப்பட்டுவிடும். (2017இல் கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வு நிலையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 விடை தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டினார்கள். அதன்பின் கிட் அத்தகைய ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் கணக்கு முறைக்கு மாறிக்கொண்டது.)

இவற்றையெல்லாம் சோதிக்கும் கட்டளைக்கு 'எஃப்எஸ்சிகே' என்று பெயர். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. இருக்கும் பொருள் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும். பெயர் சொல்லப்பட்ட பொருள் உண்மையில் இருக்கிறதா என்றும் பார்க்கும்.

முழுக் களஞ்சியமும் கையில் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. ஆனால் களஞ்சியங்கள் பெருத்துவிட்டன. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் மூலநிரலைக் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது அதில் ஏறத்தாழ 35 இலட்சம் கோப்புகளும் 300 ஜிகாபைட் அளவும் இருந்தன என்று 2017இல் தெரிவித்தது. கைப்பேசி இணைப்பை நம்பியிருக்கும் நம்மூர் வீடு ஒன்றில் இதை இறக்க முயன்றால் என்ன ஆகும்! அவ்வளவும் ஒருவருக்குத் தேவையும் இல்லை. எனவே 2018இல் கிட்டிலேயே பகுதிப் படி எடுக்கும் வசதி வந்தது. கமிட்டுகளும் அடைவுகளும் மட்டும் முதலில் வரும். கோப்பின் உள்ளடக்கம் தேவைப்படும்போது வரும்.

இங்கேதான் சோதனை செய்பவருக்குத் தலைவலி. பட்டியலில் பெயர் இருக்கிறது, பொருள் இல்லை. இது தொலைந்ததா, இன்னும் வாங்காததா? இல்லாத ஒவ்வொன்றையும் பிழை என்று சொன்னால் இலட்சக்கணக்கில் பிழைகள் வரும். உண்மையான பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். இல்லாதது எதுவும் பிழையன்று என்று விட்டுவிட்டால் சோதனைக்கே பொருள் இல்லை.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. மூலக் கணிப்பொறியை 'கேட்டால் தருவேன்' என்று வாக்களித்தவராகக் கொள்கிறார்கள். அங்கிருந்து வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் பக்கத்தில் ஒரு சிறு அடையாளக் கோப்பு வைக்கப்படுகிறது. அடையாளமுள்ள மூட்டையில் இருக்கும் பொருள் எதன் பெயரையெல்லாம் சொல்கிறதோ, அவையெல்லாம் வாக்களிக்கப்பட்டவை. அவை இல்லாவிட்டாலும் எஃப்எஸ்சிகே குறை சொல்லாது. ஆனால் நாமே நம் கணிப்பொறியில் எழுதி, இன்னும் எங்கும் அனுப்பாத கமிட் ஒன்று உண்டு. அது சொல்லும் கோப்பைக் காணோம் என்றால் உடனே பிழை என்று கூவும். அது சரிதானே? அந்தக் கோப்பைத் தருவதாக உலகில் வேறு யாரும் வாக்களிக்கவில்லை.

சோதனை நடக்கும்போது இல்லாத பொருளை மூலத்திடம் கேட்டு வாங்கும் வழக்கமும் நிறுத்திவைக்கப்படுகிறது. இல்லையேல் சோதிக்கத் தொடங்கிய குற்றத்திற்கு 300 ஜிகாபைட்டும் வந்து இறங்கிவிடும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவையெவை இன்னும் இறக்கப்படவில்லை என்ற பட்டியலைக் கிட் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கோப்பு நேற்று வந்து, இன்று வட்டில் அழிந்துபோனாலும், அது வாக்களிக்கப்பட்ட பொருளாக இருந்தால் எஃப்எஸ்சிகே பேசாமல் கடந்துவிடும். பகுதிப் படியில் பிழை ஒன்றும் இல்லை என்று விடை வந்தால், இருப்பவை கெடவில்லை, இல்லாதவற்றுக்கு வாக்குறுதி இருக்கிறது என்பது மட்டுமே பொருள். வாக்களித்தவரிடம் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எல்லாம் நலம் என்று அந்த விடையைப் படிப்பது தவறு என்பதே எங்கள் கருத்து.

வாக்களித்தவரிடமே பொருள் அழிந்ததற்கு நம் தென்காசி மாவட்டத்திலேயே சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தார். வரகுணராம பாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகள் கோயிலுக்கு வந்திருந்தன என்று கேள்விப்பட்டே வந்தார். பழுதுபட்ட ஏடுகளை ஆகம முறைப்படி ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். 'என் சரித்திரம்' என்னும் நூலில் அவரே இதை வருந்தி எழுதியிருக்கிறார்.

அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் இன்றுவரை இல்லை. ஆனால் 266ஐ அடுத்த பாட்டை யாரும் 267 என்று மாற்றிவிடவில்லை. இரண்டு இடங்களும் வெறுமையாகவே நிற்கின்றன. அடுத்த பாட்டு 269தான். பதிற்றுப்பத்திலும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காதபோதும், இரண்டாம்பத்து இரண்டாம்பத்தாகவே இருக்கிறது.

கணிப்பொறியில் பரிகாரம் சற்று எளிது. முக்கியமான களஞ்சியத்திற்கு ஓரிரு இடங்களிலாவது முழுப் படி ஒன்றை வைத்து, எஃப்எஸ்சிகே கட்டளையை அங்கே ஓட்ட வேண்டும். முழுப் படியில் வாக்குறுதி என்ற சாக்கு இல்லை. ஒரு கோப்பு குறைந்தாலும் அதன் 40 குறியீடுகளையும் எழுதிக் காட்டி, இதைக் காணோம் என்று சொல்லிவிடும்.